சீராளன் நகையும் பெற்றோர் அழைப்பும்: இளையோர் துன்பநாடகம் பற்றிய ஓர் ஒப்பாய்வு

1. தோற்றுவாய்

குடந்தை நகருக்கு அண்மையில் அரசலாற்றங்கரையை ஒட்டி விளங்குவது தாராசுரம். அங்கு இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்த ஐராவதேசுவரர் திருக்கோயிலின் நடுக்கோயிற் புறச்சுவர் அடியில், அறுபத்துமூவர் வரலாறுகள் சிற்றுருவச் சிற்பங்களாக வரிசையுற அமைந்துள்ளன. அவற்றின் மேல் சோழர்கால எழுத்தில் சிறு குறிப்புகளும் பொறிக்கப்பெற்றுள்ளன. சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. ஆகவே, பாட்டு ஒரு தலைமுறைக்குள் கல்லேறிற்று என்க. ஓர் இலக்கியம் தோன்றிய அண்மைக் காலத்திலேயே இத்துணை விரிவாகச் சிற்பவடிவம் பெற்றமை தமிழ்நாட்டில் அரிதாகும்.

அச்சிற்ப வரிசையைச் சுற்றிவந்து காண்பார் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. அடியார் பெருமை கூறவந்த இவ்வரலாறுகளில் இளஞ்சிறார் படும் துன்பம் இத்துணை இடம் பெறுவானேன்? சேய்ஞலூர்ப் பிள்ளையார் தந்தையின் கோலால் அடியுண்கின்றார். அவிநாசிப் பாலனை முதலை விழுங்குகின்றது. சிறுத்தொண்டர் தம் ஒரே மைந்தனை அரிந்து அமுதாக்குகின்றார். திருவாரூரில் அரசிளங்குமரன் தந்தையின் தேர்க்காலில் கிடக்கின்றான். இவை யாவும் காவிரிநாட்டின் கோயிலிலும் கதையிலும் கூத்திலும் நூற்றாண்டுகளாக வழங்கிவருவன.

இளையோர் துன்புறுதலைப் பொருளாகக் கொண்ட நாடகங்கள் பிற நாடுகளிலும் பல உள. கிரேக்கர், சப்பானியர், செருமானியர், தென்னாப்பிரிக்கர் ஆகியோர் இயற்றிய அத்தகைய நாடகங்களுள் சிலவற்றைச் சிறுத்தொண்டர் வரலாற்றோடு ஒப்புநோக்கி, தமிழ்மரபின் தனித்தன்மை யாது என ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமயப்பொருள் பற்றிய வாதத்தில் யாம் ஈண்டுப் புகவில்லை. நாடகப் பண்பு ஒன்றே எமது ஆய்வுப்பொருள்.

2. பள்ளியும் பலியும்

சிறுத்தொண்டர் வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் அதன் நாடக அமைப்பை உணர்தற்பொருட்டு நிகழ்ச்சிகளை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லவன் படைத்தலைவராய் வாதாபியை வென்ற பரஞ்சோதியார், பின்னர்த் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதளித்து வாழ்கின்றார். வைரவக் கோலத்தொடு வந்தவர், ஒரு குடிக்கு ஒரு மகனாய், உறுப்பில் குறைபாடு இல்லானாய், ஐந்து வயதினனாய் உள்ள சிறுவனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து கறியாக்க வேண்டும் என்கின்றார். அதனோடும் அமையாது, இருவரும் மனம் உவந்தே அது செய்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றார்.

இந்நிபந்தனையே நாடகத்தின் திறவுகோல். கொலை செய்தல் அரிதெனினும் வலிந்து செய்துவிடலாம். வருந்தாது செய்க என்பதோ உள்ளத்தின்மேல் இடப்பட்ட ஆணை. கண்ணீருக்கு இடமில்லை என்ற விதியை முதலிலேயே நாட்டிவிடுவதால், இதன்பின் வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நாம் பெற்றோரின் முகத்தையே நோக்குகின்றோம். சேக்கிழார் அம்முகத்தில் ஒரு துளி நீரும் காட்டாமையால், அவர் காட்டாத நீர் கற்பார் கண்ணில் பெருகுகின்றது.

அடுத்து, தந்தையார் மகனை அழைத்துவரப் பள்ளிக்குச் செல்கின்றார். சதங்கை ஒலிக்க ஓடிவரும் மகனைத் தோள்மேல் சுமந்து இல்லம் திரும்புகின்றார். மைந்தன் வீட்டில் இருந்தான் எனக் கூறியிருப்பினும் கதை குறைவுபடாது. பள்ளியினின்று அழைத்துவரும் செயலைச் சேக்கிழார் தெரிந்தே அமைத்தார் என்பது எம் கருத்து. பிள்ளையின் எதிர்காலத்தை நம்பியே பெற்றோர் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அந்நம்பிக்கையின் இடத்திலிருந்தே அவன் பலிக்கு அழைத்துவரப்படுகின்றான்.

இவ்விடத்தில் சப்பானிய நாடகம் ஒன்று நம் நினைவுக்கு வருகின்றது. 1746ஆம் ஆண்டு ஒசாக்கா நகரில் முதற்கண் பாவைக்கூத்தாகவும், பின்னர் விரைவிலேயே கபுக்கி நாடகமாகவும் ஆடப்பெற்ற 'சுகவாரா தென்சு தெனராய் ககாமி' என்னும் பெருநாடகத்தில், 'தெராகோயா' எனப்படும் பகுதி தனியாகவே புகழ்பெற்றது. தெராகோயா என்னும் சொல் சிற்றூர்ப் பள்ளி எனப் பொருள்படும். பகைவரால் தேடப்படும் தலைவன் மகனைக் கென்சோ என்னும் ஆசிரியன் தன் பள்ளியில் மறைத்துவைத்துக் காக்கின்றான். தலையைக் கொய்து தருக என்னும் ஆணை வருகின்றது. அன்றே புதிதாகப் பள்ளியில் சேர்க்கப்பெற்ற கோத்தாரோ என்னும் சிறுவனை ஆசிரியன் தலைவன் மகனுக்கு ஈடாக வெட்டுகின்றான். வெட்டுண்ட தலையை உற்றுநோக்கி, இது தேடப்பட்டவன் தலையே என உறுதிகூற வந்த மத்சுவோ என்பவனே கோத்தாரோவின் தந்தை. தன் மகன் கொல்லப்படுதற்கென்றே அவனை அப்பள்ளிக்கு அனுப்பியவனும் அவனே.

இரு நாடகங்களின் ஒற்றுமை வியக்கத்தக்கது. இரண்டிலும் களம் பள்ளியோடு தொடர்புடையது. இரண்டிலும் தந்தையே ஒரு கடமையின்பொருட்டு மகனை அளிக்கின்றான். இரண்டிலும் கண்ணீர் தடுக்கப்படுகின்றது. மத்சுவோ தன் மகன் தலையை நோக்கும்பொழுது முகம் மாறலாகாது. மாறினால் யாவும் கெடும். பின்னர், உண்மை வெளிப்பட்ட நிலையிலும், இறந்துபட்ட தன் உடன்பிறந்தானை நினைந்து அழுவதாகக் கூறிக்கொண்டே அவன் அழுகின்றான். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரு நாடகத்திலும் இறக்கும் சிறுவன் நகைக்கின்றான். ஒன்றையொன்று அறியாத இரு நாட்டுக் கவிஞரும் ஒரே நகையைப் படைத்தமைக்குக் காரணம் என்னை?

3. நகையின் பொருள்

மத்சுவோ ஆசிரியனை நோக்கித் தன் மகன் எவ்வாறு இறந்தான் என வினவுகின்றான். செய்தியைக் கூறியவுடன் சிறுவன் நகைமுகத்தோடு கழுத்தை நீட்டினான் என ஆசிரியன் விடை கூறுகின்றான். ஈண்டு நகை அறிவின் விளைவு. கோத்தாரோ தான் இறப்பதை அறிவான்; எதற்காக என்பதையும் அறிவான். அறிந்து உடன்படுகின்றான். அவ்வுடன்பாடு கேட்டுத் தந்தை பெருமிதமும் துயரமும் ஒருங்கே எய்துகின்றான். அவையோரும் அவ்வாறே. சிறுவன் இசைந்தமையால் கொலை வீரச்செயலாக மாறிவிடுகின்றது.

கிரேக்கர் நாடகத்திலும் இவ்வுடன்பாடு உண்டு. யூரிபிடீசு இயற்றி அவர் மறைவுக்குப்பின் கி. மு. 405 அளவில் ஆடப்பெற்ற 'ஆலிசில் இபிசீனியா' என்னும் நாடகத்தில், படைக்கலங்கள் செல்லக் காற்று வேண்டித் தந்தை தன் மகளையே பலியிட உடன்படுகின்றான். மணவினை என்று பொய்கூறி அவளை வரவழைக்கின்றான். உண்மையறிந்த மகள் முதலில் உயிர்ப்பிச்சை வேண்டி அழுகின்றாள். பின்னர் நாட்டின்பொருட்டு இறக்கத் தானே முன்வருகின்றாள். முன்னர் அழுதவளும் பின்னர் முன்வந்தவளும் ஒருத்தியாகத் தோன்றவில்லை என அரிசுடாட்டில் தம் கவிதையியலில் குறைகூறினார். யாம் அக்குறையை ஒருவாறு மதிக்கின்றோம். ஆயினும் யூரிபிடீசு அவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டியமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும். உடன்பாடு தோன்றுமுன் அச்சம் இருந்தது என்பதை அவர் மறைத்திலர்.

இனிச் சீராளன் நகையை நோக்குவோம். உரைகாரரும் நாடகம் ஆடுவோரும் இந்நகையை அருளின் அறிகுறியாகவும் தெய்வச் சிறுவனின் இசைவாகவும் கொள்வது வழக்கம். சேக்கிழார் வாக்கோ வேறு கூறுகின்றது. தாய் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பற்றியபொழுது, பெற்றோர் பெரிதும் மகிழ்ந்திருக்கின்றனர் என்று எண்ணியே சிறுவன் தானும் மகிழ்ந்து நகைத்தான் என்பது அப்பாடலின் பொருள். ஆகவே, நகைக்குக் காரணம் பெற்றோர் முகத்தில் தோன்றிய உவகை. அவ்வுவகையோ அடியார் விதித்த நிபந்தனையால் விளைந்தது. சிறுவன் அதனை விளையாட்டெனக் கொண்டான்.

இவ்வேறுபாடு சிறிதன்று. கோத்தாரோவின் நகை அறிந்தோன் நகை. சீராளன் நகை அறியாதோன் நகை. முன்னையது கொலைக்கு உடன்பாடு தருகின்றது. பின்னையது எவ்வுடன்பாடும் தரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தன் உயிரை அளிக்க இசைந்தான் எனக் கூறியிருப்பின், கற்பார்க்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். சேக்கிழார் அவ்வாறுதலை நமக்கு அளிக்க மறுத்துவிட்டார். தந்தையும் தாயும் தொண்டின் பெருமையை அறிவர், மகன் அறியான். அவனுக்குத் தெரிந்தது தாயின் மடியும் தந்தையின் முகமுமே. பெரியோரின் கொள்கையை அறியாத சிறுவன், அவர்தம் கொள்கைக்காகத் துன்புறுகின்றான் என்னும் உண்மையை, அத்தொண்டைப் போற்றும் நூலே ஒளியாது கூறுகின்றது. இதனைச் சேக்கிழாரின் நாடகத்திறனுள் தலையாயதாக யாம் கருதுகின்றோம்.

4. நகையாப் பிள்ளைகள்

தமிழ்மரபில் துன்புறும் சிறுவர் யாவரும் நகைப்பவர் என எண்ணிவிடலாகாது. புறநானூற்றின் 46ஆம் பாட்டு இதற்கு முதற்சான்று. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்கால் இடுவிக்கப் புகுந்தபொழுது, கோவூர் கிழார் இடைநின்று பாடி அவர்களைக் காத்தார். அச்சிறுவர் யானையைக் கண்டு, முன்னர் அழுத அழுகையை மறந்துவிட்டனர். கூடியிருந்த மன்றத்தை மருண்டு நோக்கிப் புதியதோர் அச்சம் கொண்டனர். யானை அவர்கட்குக் காட்சிப்பொருள், மனிதரே அச்சப்பொருள். சங்கப்புலவர் இச்சிறு நிகழ்ச்சியைக் கூறி, அரசனை நோக்கி விரும்பியது செய்க என்று மட்டும் மொழிந்து நிறுத்திக்கொள்கின்றார். அறவுரை நீளவில்லை. சிறுவர் கண்களே அறம் உரைத்தன.

நாட்டுப்புற வழக்கில் நல்லதங்காள் கதை வேறொரு சான்று. பஞ்சத்தால் வாடிய தாய், தமையன் இல்லம் நாடிச்சென்று, மூளி அலங்காரியின் கொடுமைக்கு ஆளாகி, தன் எழுவர் மக்களையும் பாழ்ங்கிணற்றில் இட்டுத் தானும் வீழ்கின்றாள். கதைப்பாடலாகவும் கூத்தாகவும் மேடை நாடகமாகவும் இது தமிழ்நாடெங்கும் வழங்கியது. இக்கதையில் மூத்த மகன் தப்பி ஓடுகின்றான். தாய் அவனைத் துரத்திப் பிடிக்கின்றாள். சீராளன் நகைத்தான், இவனோ ஓடினான். எழுதப்பெற்ற காப்பியம் அறியாமையைக் காட்டிற்று. எழுதாக் கதையோ எதிர்ப்பைக் காட்டிற்று. பசியின் கொடுமையை நன்கறிந்த மக்களிடையே தோன்றிய கதையாதலின், இறக்க விரும்பாத பிள்ளையின் ஓட்டத்தை அது மறைத்திலது.

சேய்ஞலூர்ப் பிள்ளையார் வரலாறு மூன்றாவது நிலை. விசாரசருமர் ஆவினை அடித்த ஆயனைத் தடுத்துத் தாமே ஆனிரை மேய்க்கின்றார். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டுகின்றார். தந்தை எச்சதத்தன் கோலால் முதுகில் புடைக்கின்றான். அவ்வடியை அவர் உணரவில்லை. பாற்குடத்தை அவன் காலால் இடறிய பின்னரே அவர் சினந்து, அருகிருந்த கோலை எடுக்க, அது மழுவாகித் தந்தையின் தாளைத் துணித்தது. தம்மேல் விழுந்த அடிக்காக அவர் மழுவெடுக்கவில்லை. தாம் போற்றிய பொருள் சிதைந்தமைக்காகவே எடுத்தார். அடக்குமுறைக்கு எதிராக எழும் இளையோரைப் பற்றிய பிற்கால நாடகங்களுக்கெல்லாம் இந்நுட்பம் பொருந்தும். ஆடுந்தொறும் அடியுண்ட இளைஞரைவிட, தாம் மதித்த ஒன்று மிதிக்கப்படக் கண்ட இளைஞரே கிளர்ந்தெழுகின்றனர்.

மேலைநாட்டில் இந்நகையாப் பிள்ளைகளின் தலைசிறந்த சான்று யூரிபிடீசின் 'திராய் மகளிர்' (கி. மு. 415). எக்டரின் இளமகனைப் பகைவர் மதிலினின்று எறிந்து கொல்கின்றனர். பாட்டியாகிய எக்குபா, அவன் சிற்றுடலைத் தந்தையின் கேடயத்தின்மேல் கிடத்திப் புலம்புகின்றாள். அங்கே தெய்வம் தோன்றி மீட்பதில்லை. செருமானியராகிய வெடகிண்டு 1891இல் எழுதி 1906இல் மேடையேறிய 'இளவேனிலின் விழிப்பு' என்னும் நாடகத்தில், பள்ளியின் கடுமையும் பெற்றோரின் மௌனமும் சேர்ந்து மாணவரை மாய்க்கின்றன. இலண்டனில் 1965இல் எட்வர்டு பாண்டு இயற்றி ஆடப்பெற்ற 'காப்பாற்றப்பட்டவர்' என்னும் நாடகத்தில், வறுமையும் வெறுமையும் உழலும் இளைஞர் ஒரு தள்ளுவண்டியிற் கிடந்த கைக்குழவியைக் கல்லெறிந்து கொல்கின்றனர். அந்நாட்டு நாடகத் தணிக்கை அதனைப் பொதுமேடையில் ஆட இசையவில்லை. துன்புறுவோரும் இளையோர், துன்புறுத்துவோரும் இளையோர் என்னும் இக்காலத்துக் கொடுமையை அது காட்டிற்று.

5. மேடையேறிய சிறுவர்

இதுகாறும் கதையில் வரும் சிறுவரைக் கண்டோம். அக்கதைகளை ஆடிய சிறுவரைப் பற்றியும் சில கூறுதல் கடமையாகும். இதனை நாடக ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் தனியே நிறுத்திவிடுவர். எம் கருத்தில் இவ்விரண்டும் பிரிக்கத்தக்கன அல்ல.

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) 'சிறுத்தொண்டர்', 'பிரகலாதன்', 'நல்லதங்காள்', 'அபிமன்யு சுந்தரி' முதலிய நாடகங்களை இயற்றினார். இந்நான்கிலும் இளஞ்சிறார் இடர்ப்படுதல் காண்க. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் தொடங்கினார். தி. க. சண்முகம் ஆறு வயதளவில் அச்சபையிற் சேர்ந்து, பின்னர் அபிமன்யுவாக நடித்துப் புகழ் எய்தினார். இத்தகைய சபைகளை மக்கள் 'பாய்சு கம்பெனி' என்றே வழங்கினர். வறுமையுற்ற குடும்பங்களே தம் பிள்ளைகளை அங்கு விடுத்தன. குடந்தை ஆனையடிப் பள்ளியில் பயின்ற ம. கோ. இராமச்சந்திரன், குடும்ப வறுமையால் படிப்பைத் தொடர இயலாது நாடகக் கம்பெனியிற் சேர்ந்தமை யாவரும் அறிந்த வரலாறு. சிவாசி கணேசனும் அங்ஙனமே சிறுவயதில் கம்பெனி வாழ்வை மேற்கொண்டவர்.

ஆகவே, அவர்களும் பள்ளியினின்று அழைத்துச் செல்லப்பட்ட சிறுவரே. சோறும் துணியும் கலையும் கம்பெனியில் கிடைத்தன. அவற்றோடு விடியற்காலப் பாடம், இரவு முழுதும் ஆட்டம், ஊர்விட்டு ஊர் செல்லும் அலைச்சல், தாய்முகம் காணாத ஆண்டுகள் ஆகியனவும் கிடைத்தன. வாத்தியாரின் பிரம்பு பயிற்சியின் ஒரு கூறாகவே கருதப்பட்ட காலம் அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த சிறுவன் தன் வேடத்தை இழந்தான். சிலர் தொழிலையே இழந்தனர்.

இரணியனால் துன்புறுத்தப்படும் பிரகலாதனாகவும், பாம்பு தீண்டிய லோகிதாசனாகவும், தந்தை அரியும் சீராளனாகவும் மேடையில் நின்ற சிறுவன், திரைக்குப் பின்னர்த் தானே அடியும் பிரிவும் அறிந்தவன். அவன் அழுத அழுகையில் எத்துணை நடிப்பு, எத்துணை உண்மை என அவையோர் அறியார். சிறுவர் துன்பத்தைக் காட்டி நம் நெஞ்சை உருக்கிய கலை, அக்காட்சியை உருவாக்கச் சிறுவர் துன்பத்தையே விலையாகக் கொண்டது. இதனைக் கூறுவதால் அச்சபைகளின் பெருந்தொண்டு குறைவுபடாது. தமிழ் நாடகம் அழியாது நின்றமைக்கு அவையே காரணம். எனினும், பெரியோர் போற்றிய ஒன்றின்பொருட்டுப் பொருளறியாச் சிறுவர் நகைமுகம் காட்டினர் என்னும் உண்மை, சேக்கிழார் பாடலில் மட்டுமன்றி நாடக வரலாற்றிலும் உண்டென்பதை மறத்தலாகாது.

தஞ்சையை அடுத்த மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம செயந்தியை ஒட்டி நிகழும் பாகவத மேளாவில், வேங்கடராம சாத்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் ஆடப்பெறுகின்றது. அங்கு நடிப்போர் தொழிற்குழுவினர் அல்லர். ஊர்க் குடும்பங்களைச் சார்ந்தோர். நரசிம்ம முகம் வழிபாட்டுக்குரியதாகப் போற்றப்படுகின்றது. சிறுவன் இடர்ப்படுதலை ஊரே கூடியிருந்து காண்கின்றது. தந்தை மகனை அழிக்க முற்படும் கொடுமைக்கு ஊர் சான்றாகி, அவன் காக்கப்படுதலுக்கும் சான்றாகின்றது. இவ்வாறு சான்றாதலே நாடகத்தின் தொன்மையான பயன் என்பது எம் துணிபு.

6. அழைப்பு

தமிழ்க் கதைகளில் மாண்ட பிள்ளை பெரும்பாலும் மீள்கின்றது. சீராளன் மீண்டான், லோகிதாசன் எழுந்தான், முதலை தான் உண்ட பாலனை, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் கரையில் உமிழ்ந்தது, மனுநீதிச் சோழன் மகனும் உயிர்பெற்றான். தாராசுரத்தோடு தொடர்புறுத்திப் பேசப்படும் ஒட்டக்கூத்தர் பற்றியும் அத்தகைய செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. ஈட்டியெழுபது பாடுதற்குத் தலைமகன் தலைகள் காணிக்கையாக வந்தன என்றும், எழுப்பெழுபது பாடியவுடன் அவை உடலோடு பொருந்தின என்றும் கூறுவர். வரலாற்று உண்மை எதுவாயினும், பிள்ளைகள் மீளவேண்டும் என்னும் வேட்கை இக்கதையிலும் புலனாகின்றது.

இம்மீட்சியைத் திறனாய்வாளர் சிலர் குறையெனக் கருதுவர். துன்பநாடகத்தின் வலிமையை இன்பமுடிவு கெடுக்கின்றது என்பது அவர் வாதம். மேலைநாட்டிலும் இபிசீனியாவுக்கு ஈடாக மான் கிடந்தது என்னும் முடிவுப் பகுதியைப் பிற்சேர்க்கையெனக் கொள்வார் பலர். இவ்வாதத்தை யாம் முற்றும் மறுக்கவில்லை. தெய்வம் மீட்கும் என்பதை முன்னரே அறிந்த அவையினர், வெட்டும் காட்சியில் கலங்காதிருத்தல் கூடும். இருபதாம் நூற்றாண்டில் பகுத்தறிவாளர் பிள்ளைக்கறிக் கதையைக் கடிந்தமைக்கும், கொலை எளிதாக்கப்படுகின்றது என்னும் அச்சமே ஒரு காரணமாம்.

ஆயினும், சேக்கிழார் மீட்சியை எவ்வாறு அமைத்தார் என்பதை நோக்குதல் வேண்டும். கறி சமைத்தாயிற்று. அடியார் மகனை அழைத்து உடனிருத்துக என்கின்றார். இப்பொழுது அவன் உதவான் எனத் தந்தை கூறுகின்றார். அடியாரோ வந்தால் அன்றி உண்ணேம் என்கின்றார். கணவனும் மனைவியும் வெளியே வந்து, தாம் அரிந்த மகனைத் தாமே பெயர்கூறி அழைக்கின்றனர். மகன் வருவான் என்னும் நம்பிக்கையால் அவர்கள் அழைத்தாரல்லர். அடியார் ஏவினமையால் அழைத்தனர். வரமாட்டான் என்பதை அவர்களினும் நன்கறிந்தார் எவருமிலர். அவனை அரிந்த கையும் பற்றிய கையும் அவர்களுடையனவே.

வரலாறு முழுமையிலும் மிகக் கொடிய இடம் இதுவே என்பது எம் முடிவு. வெட்டியபொழுது அவர்கட்கு ஒரு செயல் இருந்தது. செயல் துயரைத் தாங்க உதவும். அழைக்கும்பொழுது குரலன்றி வேறில்லை. தடுக்கப்பட்ட கண்ணீரெல்லாம் அக்குரலில் புகுந்துவிடுகின்றது. அதன்பின் பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளையைப் போலச் சீராளன் வருகின்றான். எந்தப் பள்ளியினின்று தந்தை அழைத்துவந்தாரோ, அந்நிலைக்கே அவன் திரும்பிவிட்டான். மீட்சி என்பது வானுலகப் பேறாகக் காட்டப்படுமுன், ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து வீடு திரும்பும் எளிய நிகழ்ச்சியாகவே முதலிற் காட்டப்படுகின்றது. பெற்றோர் உலகில் வேண்டும் பேறு அதனின் மிக்கது யாது?

நல்லதங்காள் கதையின் ஒரு வடிவில், இறைவன் அவளையும் மக்களையும் உயிர்ப்பித்தபொழுது, மாண்டவர் மீள்வது உலகியற்கு ஒவ்வாது எனக்கூறி அவள் அதனை ஏற்க மறுக்கின்றாள். மீட்சியை நன்கறிந்த மரபே மீட்சியின் எல்லையையும் அறிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

இக்காலத்து உலக நாடகம் அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீட்சியைக் கைவிட்டது எனலாம். தென்னாப்பிரிக்காவில் 1976 சூன் 16ஆம் நாள், ஆப்பிரிக்கான்சு மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற சொவெட்டோ பள்ளி மாணவர் சுடப்பட்டனர். அந்நிகழ்ச்சியின் பின்விளைவைப் பொருளாகக் கொண்டு இம்பொங்கேனி இங்கெமா படைத்த 'சராபினா' 1987இல் யோகனசுபர்க்கு நகரில் ஆடப்பெற்றது. அதில் பள்ளிப்பிள்ளைகள் தமக்குள் ஒரு நாடகம் ஆடுகின்றனர். சிறையிலிருக்கும் மண்டேலா விடுதலை பெறும் நாளை நடித்துக்காட்டுகின்றனர். அந்நாள் உண்மையில் வந்தது 1990இல். மாண்ட மாணவர் மீளவில்லை. ஆயினும் அழைத்த குரல் வீண்போகவில்லை.

ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் யாழ்ப்பாணத்தில் ஆடப்பெற்ற 'மண் சுமந்த மேனியர்', ஒடுக்குமுறையிடையே வாழ்ந்த மக்களின் துயரை ஊர்தோறும் மேடைக்குக் கொணர்ந்தது. மதுரையில் பிட்டுக்கு மண்சுமந்த இறைவனைக் குறித்த தொடரை, துன்பச்சுமை தாங்கிய மக்கள்மேல் ஏற்றியமை அத்தலைப்பின் சிறப்பாகும். பழைய தெய்வக்கதை மொழி, தெய்வம் தோன்றி மீட்காத காலத்தின் துயரைக் கூறவும் பயன்படும் என்பதை அது மெய்ப்பித்தது.

7. முடிவுரை

2004ஆம் ஆண்டு தாராசுரம் திருக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெசுகோவால் ஏற்கப்பெற்றது. அதே ஆண்டு சூலை 16ஆம் நாள், அக்கோயிலுக்கு அண்மையில் உள்ள குடந்தை நகரப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் மாண்டனர். காலையில் பள்ளிக்கு அனுப்பப்பட்ட அப்பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர் அன்று கூவி அழைத்தனர். அவ்வழைப்புக்கு விடை வரவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து எண்ணாமல் இவ்வாய்வை முடித்தல் இயலாது. எண்ணூற்றைம்பது ஆண்டுகளாகக் கல்லில் நிற்கும் கதையில் பிள்ளை பள்ளியினின்று மீள்கின்றது. அக்கல்லுக்கு அண்மையில் வாழ்ந்த பிள்ளைகள் மீளவில்லை. அதனால் அக்கதை பொய்யாயிற்றோ எனின், ஆகவில்லை என்பதே எம் விடை. மீட்சிப் பகுதி ஒன்றையே கதையெனக் கொண்டாற்றான் அது பொய்யாகும். நகை, அழைப்பு, மீட்சி என்னும் மூன்றனுள் நகை குழந்தையின் அறியாமையைக் காட்டுகின்றது. அழைப்பு பெரியோரின் பொறுப்பைக் காட்டுகின்றது. மீட்சி அப்பொறுப்பினின்று விளையும் வேட்கையைக் காட்டுகின்றது. அவற்றுள் முதலிரண்டும் என்றும் உண்மை. மூன்றாவது அருள்.

ஆகவே, இவ்வரலாற்றை இனி மேடையேற்றுவோர்க்கு யாம் கூறவிரும்புவது இரண்டு. ஒன்று: சீராளன் நகையை இசைவாகக் காட்டற்க, பெற்றோர் முகத்தை நம்பிய குழந்தையின் நகையாகவே காட்டுக. சேக்கிழார் கருத்தும் அதுவே. மற்றொன்று: பெற்றோர் அழைக்கும் இடத்தில் விரைதலாகாது. பின்பாட்டும் தாளமும் அடங்கட்டும். அழைப்புக்கும் வருகைக்கும் இடையே சிறிது பொழுது அவையில் அமைதி நிலவட்டும். விடை பெறாத அழைப்புகளையெல்லாம் அவ்விடைவெளியில் அவையோர் நினைவர்.

திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழா இன்றும் நிகழ்கின்றது. பிள்ளைப்பேறு வேண்டுவோர் அங்குச் சென்று படையலைப் பெறுகின்றனர். பிள்ளையை இழந்த கதையே பிள்ளை வேண்டுவோர்க்கு நம்பிக்கை ஆயிற்று. மக்கள் அக்கதையில் எதனைப் பற்றிக்கொண்டனர் என்பதை இது தெளிவாக்குகின்றது. அவர்கள் பற்றியது வாளை அன்று. ஓடிவரும் சதங்கை ஒலியையே. அவ்வொலி ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் கேட்குமாறு காத்தல், கதை கேட்டோர் கடன்.